பக்கி வகையறா

லாபிஸ் தாண்டி நாலாங்கட்டையில்
செம்பனை ஆலையின் எடைமேடை.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
அதன் சன்னலுக்குள் நான்.
குலையோடு வரும் லோரியை நிறுத்து எழுதுகிறேன்.
குலையிறக்கிப் போகும்போது மறுபடி எழுதுகிறேன்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்
இந்த ஊர் தின்னும் சோறு.

பன்னிரண்டரைக்கு அது தொடங்கும்.
டொக்.
டொக். டொக்.
மலாய்க்காரர்கள் அதை ‘துக்காங்’ என்பார்கள்,
ஆசாரி.
ராத்திரி முழுக்கத் தட்டுகிற ஆசாரிக்குச்
சொந்தமாக ஒரு கூடு கிடையாது.

சத்தம் கேட்டதும் ஷஃபிகுல்
காவல் கொட்டகையிலிருந்து ஓடி வருவான்.
கொதிகலன் ஆ கியோங்,
லோரி தண்ணிமலை,
ஆளுக்கு ஒரு வெள்ளி, மைலோ டின்னில்.
ஒரு மூச்சுக்கு எத்தனை தட்டு?
தண்ணிமலை எப்போதும் ஒற்றைப்படைக் கட்சி.
ஆ கியோங் நாலைத் தொடவே மாட்டான்.
விழுந்த எண்களைக் கோத்துச்
சனிக்கிழமை நாலு நம்பர் எழுதுவார்கள்.
இதுவரை ஒரே ஒரு ஆறுதல் பரிசு;
அதற்கே கோழி அறுத்தார்கள்.
பறவைக்கு என்ன தருவது?
ஆலை விளக்கைச் சுற்றும் ஈசல்
அதற்கு ஏற்கெனவே ஓசிதான்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பக்கி என்றார்கள்.
கட்டியவனும் அதையே சொன்னான்,
இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது.
பக்கி ஒரு பறவை என்று
நாற்பத்தொரு வயதில்தான் தெரிந்தது.
தாரில் உட்கார்ந்திருந்தது,
காய்ந்த மட்டையின் நிறத்தில்.
லோரி வெளிச்சம் பட்டதும்
கண் இரண்டும் பீடிக் கங்கு.
வாய் திறந்தது, முகத்தையே காணோம்.
ஆமாம், பக்கிதான்!
ஆனால் நடுவிரல் நகத்தில்
ஒரு சீப்பு வைத்திருக்கிறதாம்.
என்னைத் திட்டியவர்களில் ஒருவரும்
அவ்வளவு ஒழுங்காய்த் தலை சீவியதில்லை.

லோரி வராத ஒரு மழை ராத்திரி
எடைச்சீட்டின் முதுகில்
கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோல்
உறவுமுறை எழுதிப் பார்த்தேன்.

காதுப்பக்கி:
விளக்கு வைக்கிற நேரத்தில் காட்டோரம் பறந்து
‘தப்-தி-பாவ்’ என்று
தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்பவர்.

தவளைவாயன்:
பகலெல்லாம் ஒடிந்த கிளையாக நடிப்பவர்.
ஒற்றை முட்டை. சொந்த இறகில் மெத்தை.
பகலில் அடைகாப்பது தகப்பன்.
(இதற்குப்பிறகு கொஞ்ச நேரம் எழுதவில்லை.)

உழவாரன்:
தூரத்துப் பங்காளி, பகல் ஷிப்ட்.
கடைத்தெரு மாடியில் ஒலிபெருக்கி வைத்து
வாங்க வாங்க என்று அழைக்கிறார்கள்.
எச்சில்கூட விலை போகிற வசதி.
நம் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார்.

மழை விட்ட மறுநாள்
எட்டு என்று நான் கட்டியிருந்தேன்.
ஐந்தில் நின்றுவிட்டது.
தண்ணிமலையின் லோரி
பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது.
டயருக்கு ஒரு சாண் தள்ளி,
சரளைக் கல்லோடு கல்லாக
இரண்டு முட்டை.
கல்லென்று நினைத்ததில் ஒன்று எழுந்து
இறக்கை ஒடிந்ததுபோல் விழுந்து விழுந்து
எங்களை வேறு பக்கம் இழுத்தது.

அவன் இஞ்சினை அணைத்தான்.
ஆலை இரைச்சலுக்குள்
அந்த ஒரு லோரியின் அமைதி மட்டும்
தனியாகக் கேட்டது.

ஐந்து, ஒற்றைப்படை.
அவன் ஜெயித்த காசு.
எடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மூன்று வாரம் எல்லா லோரியும்
இடப்பக்கம் ஒதுங்கிப் போனது.
மேனேஜர் கேட்டதற்கு
மண் இளகியிருக்கிறது என்றேன்.
பொய்யில்லை, ஏதோ இளகித்தான் இருந்தது.

பிறகு ஒரு விடிகாலை சரளை வெறுமையாக.
பறந்ததா, பாம்பா, தெரியாது.
ஷஃபிகுல் பறந்தது என்கிறான்.
டாக்காவில் அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

நேற்று, மேடை காலியாக இருந்தபோது
பெரியது வந்து நட்டநடுவில் அமர்ந்தது.
அறுபது டன் தாங்கும் இரும்பின் மேல்.
திரையில் ஐந்து சுழியம்,
அசையவே இல்லை.
வழக்கம்போல் சீட்டு அடித்தேன்.
வண்டி எண் என்ற இடத்தில்
என் பழைய பேரைப் போட்டேன்.
நிகர எடைக்கு வந்ததும்
கை நின்றது.

டொக், என்றது வெளியே.
டின்னில் ஒரு வெள்ளி போட்டேன்.
எத்தனை என்று சொல்லவில்லை.